கப்பலில் வந்த ஆட்டம்

அன்புள்ள சிஸ்டர்,

போன வாரம் திண்டுக்கல்லில் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு டிவி, சத்தத்தை அணைத்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தரையில் கவசம் போட்ட ஆட்கள் கையில் கோலோடு பறந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்தே நின்றுவிட்டேன். அதற்குள் சீட்டு எழுதுகிற பெண் ரிமோட்டைத் தூக்கினாள்.

"ஏம்மா, அத மாத்தாத" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"அது ஏதோ வெளிநாட்டு வெளாட்டு பாட்டி. உங்களுக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? எங்களுக்கு அதுல ஒரு டீமே இருந்துச்சு" என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஐஸ் ஹாக்கி ஆடுவதை அன்றைக்குத்தான் சிஸ்டர் முதன்முதலாகப் பார்த்தேன். இவ்வளவு வேகமாகவா ஆடுவார்கள்? நீங்கள் சொல்லவே இல்லையே. ஒரு சீசன் முழுக்க நாங்கள் மனதுக்குள் அவர்களை மெதுவாகத்தான் ஆட வைத்திருந்தோம், மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் ஆட்கள் இறங்குவது மாதிரி.

நீங்கள் கனடாவில் காலமான செய்தி போன வருடம் மடத்திலிருந்து வந்தது. அப்போது நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கடுப்பாக இருந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடப் போன இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டேன். இனி எழுதாமல் இருக்க முடியாது.

எழுபதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் நம் சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டுக்கு நீங்கள் பொறுப்பு, நான் ஸ்டாஃப் நர்ஸ். நமக்கு ஒரே வயது. ஆனாலும் ஒரு நாள்கூட நான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோட்டக்காரரிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் நீங்கள் பேசியது தோட்டக்காரரின் தமிழ். புதிதாக வந்த டாக்டரைப் பார்த்து, "ஏலே, வெரசா வாங்க" என்று கூப்பிட்டீர்கள். அந்த மனிதர் திரும்பி மலையிறங்கிப் போகாதது நம் அதிர்ஷ்டம்.

உங்கள் ஊர் ஒரு காகித ஆலை ஊர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அங்கே சம்பளத்துக்கு ஆடும் ஒரு ஐஸ் ஹாக்கி அணி. பெரிய நகரத்து அணிக்காரர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். உங்கள் அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரா வாரம் உள்ளூர்ப் பேப்பர்களைச் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி உங்களுக்குக் கப்பல் தபாலில் அனுப்புவார். அது நம் மலைக்கு வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். சில சமயம் ஒன்றுமே வராது, சில சமயம் மூன்று கட்டு சேர்ந்து வரும். எத்தனை வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு கட்டுதான் பிரிப்பீர்கள். அதிலும் தேதி வரிசைப்படி. கடைசிப் பேப்பரை மட்டும் எட்டிப் பார்ப்போமே என்று நான் ஒரு தடவை கையை நீட்டியபோது கையிலேயே ஒன்று போட்டீர்கள்.

"எங்கப்பா எப்பிடிப் பாத்தாரோ அப்பிடித்தான் நானும் பாப்பேன்" என்றீர்கள்.

முதலில் நீங்கள் தனியாகத்தான் படித்துக்கொண்டிருந்தீர்கள். அதை வார்டு முழுக்க ஆக்கியது பேச்சியம்மாள்தான். பூம்பாறையில் பூண்டுக் காட்டில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு வந்தவள். காலில் எடை கட்டி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். பொழுது போகாமல், "அந்தப் பேப்பர்ல அப்பிடி என்னதான் இருக்கு?" என்று கேட்டு வைத்தாள். நீங்கள் ஆட்டத்தைச் சொன்னீர்கள்.

"பனிக்கட்டி மேல நின்னா வழுக்காதா?"

"வழுக்கத்தான் செய்யும். அதுதான் ஆட்டமே."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போதுதான் பினாயில் போட்டுத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். நீங்கள் ஒரு ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து, பாலிஷ் டப்பா மூடி ஒன்றைத் தரையில் போட்டு, அங்கியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கட்டில்களுக்கு நடுவே சறுக்கினீர்கள். மூடி போன வேகத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டரின் ஷூவில் போய் முட்டியது.

"என்ன நடக்குது இங்க?"

"கோல், டாக்டர்" என்றீர்கள், முகத்தைக் கொஞ்சம்கூட மாற்றாமல். அன்று வயிற்றில் தையல் போட்டிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து அது நம்ம டீம். வயதாகிவிட்டது, தூக்குங்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த கோல் கீப்பர் எங்களுக்குக் காவக்காரர். முன்பற்கள் எல்லாம் உடைந்துபோன ஆட்டக்காரர் பொக்கைவாயர். பேப்பரில் அவர் சிரித்தபடி நிற்கும் படம் வந்ததும் பேச்சியம்மாள், "எங்க சின்ன மாமனார் மாதிரியே இருக்காரு" என்று அதைக் கத்தரித்து வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு மாதமும் வரிசையாகத் தோல்வி. வில்பட்டியிலிருந்து பிரசவத்துக்கு வந்தவள்கூட, பிள்ளை பிறந்த மறுநாள், "நம்ம டீம் ஏதாச்சும் தேறுமா?" என்று கேட்டாள். பிறகு எப்படியோ ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் அப்பா இருந்தார். பேப்பர் ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதி அனுப்பும் குறிப்புகளை நீங்கள் தமிழில் சொல்வீர்கள். "இந்தப் பேப்பர்காரன் ஆட்டத்தப் பாக்காமலே எழுதுறான்." "கோச்சுக்குப் புத்தி கெட்டுப்போச்சு." "காவக்காரரு முட்டி வீங்கிருக்கு, நான் கண்ணால பாத்தேன்." ஆட்டத்தின் முடிவைக் கேட்பதற்கு முன்னாலேயே, "ஐயா என்ன சொல்றாரு?" என்றுதான் வார்டு கேட்கும். அந்த முட்டிக்காகப் பேச்சியம்மாள் பூம்பாறை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நாங்கள் ஜெபமாலை சொன்னோம். "எப்பவோ முடிஞ்ச ஆட்டத்துக்கு எதுக்கு இப்ப ஜெபம்?" என்று கம்பவுண்டர் கிண்டல் செய்தார். "கடவுளுக்குக் கப்பல் தபால் கெடயாது, உங்க சோலியப் பாருங்க" என்று அவரை அனுப்பிவைத்தீர்கள்.

ஏப்ரலில் தந்தி வந்தது. உங்கள் அப்பா இறந்துவிட்டார். மறுநாள் உங்கள் தம்பி மடத்துத் தலைவி மதரின் அறை போனில் உங்களோடு பேசினார் என்று கேள்விப்பட்டோம். நீங்கள் ஊருக்குப் போகவில்லை. அன்று சாயங்காலமே டியூட்டிக்கு வந்து, ஒவ்வொரு கட்டிலாக நின்று, "எங்கப்பா எறந்துட்டாரு, ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே காய்ச்சல் பார்த்தீர்கள்.

அந்த வாரமும் பேப்பர்க் கட்டு வந்தது. அடுத்த வாரமும் வந்தது. கடலில் இருந்தவை அவை. போஸ்ட்மேன் கொண்டுவந்து வைப்பார், நீங்கள் பிரிக்காமல் அலமாரி மேல் எடுத்து வைப்பீர்கள். விலாசம் உங்கள் அப்பா கையெழுத்தில் இருக்கும். அந்தப் பக்கம் பார்க்காமல் நாங்கள் நடந்து பழகினோம். ஞாயிறு மதியம் வார்டில் பேச்சே இருக்காது. எனக்குத் துக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது. பிப்ரவரி மாதப் பேப்பரோடு நின்றுபோன ஆட்டம் என்ன ஆனது என்று தெரியாமல் தவித்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை மன்னிப்பீர்கள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

பேச்சியம்மாள் அப்போது டிஸ்சார்ஜ் ஆகி ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். ஞாயிறுதோறும் பூம்பாறை பஸ் ஏறி ஆட்டம் கேட்க வந்துவிடுவாள். மூன்று வாரம் வந்து சும்மா திரும்பிப் போனாள். நான்காம் வாரம் நேராக உங்கள் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சிஸ்டர், உங்கப்பா போனது போனதுதான். இல்லன்னு நான் சொல்லல. ஆனா அந்தக் கட்டெல்லாம் அவரு உசுரோட இருக்கையில தன் கையால கட்டி அனுப்புனது. கடல் தாண்டி, மலை ஏறி வந்து இங்க கெடக்கு. அம்புட்டுத் தூரம் வந்த மனுசன வாசல்லயே நிக்க வைக்கலாமா? உள்ள கூப்புடுங்க."

நீங்கள் பேனாவை மூடி மேஜையில் வைத்தீர்கள்.

"உங்களுக்கு எத்தன மணிக்கு பஸ்?"

"அது கெடக்கு."

நீங்கள் கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, மிகவும் பழைய கட்டு எது என்று தேதி பார்த்து, கயிற்றை நறுக்கினீர்கள். ஆட்டத்தைப் படித்தீர்கள், ஜெயித்திருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. பேச்சியம்மாள்தான் எப்போதும் கேட்பது போலவே, "ஐயா என்ன சொல்றாரு?" என்றாள். நீங்கள் பேப்பரைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தீர்கள். "இன்னிக்கிக் குளிரு ஜாஸ்தி. மகன் போக வேணாம்னான். நான் போனேன்." அதைச் சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டினீர்கள். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை, பெட்பேனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மழை பிடிக்கும்வரை ஒரு ஞாயிறும் தவறவில்லை. நம்ம டீம் ஒவ்வொரு சுற்றாக ஏறியது. முட்டி வீங்கிய காவக்காரரையே கோச் நம்பினார். "கோச்சுக்குப் புத்தி வந்துருச்சு" என்று உங்கள் அப்பா ஒத்துக்கொண்டார். அரையிறுதியில் தோற்கும் நிலையில் இருந்தபோது நீங்கள் படிப்பதை நிறுத்தி, தண்ணீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்து எங்கள் உயிரை வாங்கினீர்கள். "படிங்க சிஸ்டர்" என்று வார்டே கத்தியது. பள்ளங்கியிலிருந்து வந்திருந்த ஒருத்திக்குப் பிளட் பிரஷர் ஏறிவிட்டது. உங்கள் கையும் நடுங்கியது. அதை நான் பார்த்தேன்.

பிறகு கடைசிக் கட்டு. அதில் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் வரைதான் பேப்பர் இருந்தது. ஓரத்தில் உங்கள் அப்பா, "டிக்கெட் வாங்கியாச்சு. மிச்சம் அடுத்த கட்டுல" என்று எழுதியிருந்தார்.

அடுத்த கட்டு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீங்கள் அந்தப் பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்தீர்கள்.

"ஜெயிச்சிட்டாங்க" என்றீர்கள். "பொக்கைவாயருதான் கடைசி கோலு போட்டாரு. எங்கப்பா தன் சீட்டுல உக்காந்து பாத்தாரு. வீட்டுக்கு வந்து சூப்பு குடிச்சிட்டுப் படுத்தாரு. எந்திரிக்கல."

வார்டு ஒரே நேரத்தில் அழுதது, கத்தியது. யாரோ தட்டைத் தட்டினார்கள். பேச்சியம்மாள் கீழே இருந்த ஊன்றுகோலை எடுக்காமலே எழுந்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள். டாக்டர் ஓடி வந்து, விஷயம் தெரிந்து, அவரும் கைதட்டினார்.

எனக்கு மட்டும் ஒன்று உறைத்தது. ஊசிகளைக் கொதிநீரில் காய்ச்சும் அறையில் உங்களைத் தனியாகப் பிடித்தேன்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தம்பி போன்ல ரெண்டே சேதிதான் சொன்னான். ரெண்டாவது இது."

"அப்ப ஏப்ரல்லயே தெரியும். இத்தன வாரமும் தெரிஞ்சுகிட்டேதான் எங்களப் பதற விட்டீங்களா? கை வேற நடுங்குச்சு. அதுவும் நடிப்பா?" எனக்குச் சரியான கோபம்.

நீங்கள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "கை நெசமாத்தான் நடுங்குச்சு. எனக்கு முடிவு தெரியும். ஆனா நீங்கள்லாம் பதறும்போது எங்கப்பாவும் அங்க தன் சீட்டுல உக்காந்து பதறிக்கிட்டிருந்தாரு. அத நான் எதுக்கு வெரசா முடிக்கணும்?"

உங்களோடு சேர்ந்து ஊசிகளைத் துடைத்தேன். எத்தனையோ பேர் சாவைப் பார்த்த வேலை நம்முடையது. துக்கத்தை அடக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் விழுந்து எழாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை வாரம் ஒரு கட்டாகப் பிரித்து, நாற்பது பேருக்குச் சந்தோஷமாகப் பரிமாறி, கடைசியில் தன் பங்கை எடுத்துக்கொண்ட ஆளை உங்களைத் தவிர நான் கண்டதில்லை. அன்றே இதைச் சொல்லியிருந்தால், "ஏலே, சோலியப் பாரு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் ஊருக்குத் திரும்பிப் பல வருடம் கழித்து என் வீட்டுக்காரர் தவறிப்போனார். அடக்கம் முடிந்து உறவுகள் கலைந்த ஒரு பகலில் போன் மணி அடித்தது. எடுத்தால், வத்தலக்குண்டிலிருந்து அவருடைய பழைய சிநேகிதர். அவருக்கு விஷயம் தெரியாது.

"அவன் எங்கம்மா?" என்று ஆரம்பித்தார். "என் குடைய வாங்கிட்டுப் போனவன் இந்த வருசம் பூரா திருப்பித் தரல. கேட்டா சிரிக்கிறான். நான் மழையில நனஞ்சுக்கிட்டுத் திரியணுமா? இவனுக்கு எப்பத்தான் புத்தி வரும்?"

சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல்லத்தான் வேண்டும், பிறகு சொல்லவும் செய்தேன். ஆனால் அவருடைய திட்டுக்குள் என் வீட்டுக்காரர் இன்னும் குடையைத் திருப்பித் தராமல் சிரித்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கேக்குறியாம்மா?" என்றார் அவர்.

"கேக்குறேன்ணே" என்றேன். "சொல்லுங்க. அப்புறம்?"