பேப்பர் வாங்கப் போன அப்பா

ஜனவரி 7, புதன்

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். பல் மருத்துவமனைக் கதவைத் திறப்பதற்குள் வாசலில் நாலைந்து பேர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. எல்லோருக்கும் ஒரே கதைதான், வீட்டில் காய்ச்சிய டாஃபி. டிசம்பரில் டாஃபி காய்ச்சுவதும் ஜனவரியில் கழன்ற பல் அடைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவதும் இந்த ஹெர்னோசாண்ட் ஊர்க்காரர்களுக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் முகமூடிக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். கருவிகளை எடுத்து எடுத்துக் கொடுத்ததில் என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கிறிஸ்துமஸுக்குச் சமைத்த பன்றித்தொடை இன்னும் தீரவில்லை. தட்டைப் பார்த்ததும் தூவா, "அம்மா, இந்தப் பன்னி சாகவே சாகாதா?" என்றாள். எட்டு வயதுக்கு வாய் கொஞ்சம் அதிகம். என் மகள்தானே.

இந்தக் கிறிஸ்துமஸ் நன்றாகவே போனது என்றுதான் சொல்ல வேண்டும். என் காதலன் தோர்கெல் எங்களோடு குடிவந்து முதல் கிறிஸ்துமஸ். தூவாவோடு ஒட்டுவானா என்று எனக்குப் பயம் இருந்தது. ஆனால் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் புத்தம்புது சிவப்பு அங்கியும் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் வந்து கதவைத் தட்டி, "இந்த வீட்ல நல்ல பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று குரலை மாற்றிக் கேட்டபோது வீடே சிரித்தது. யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்பா மட்டும் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. அம்மா போனதிலிருந்து தினமும் காலைக் காபி நேரத்துக்குக் கூப்பிடுவார். "வெளியே என்ன டிகிரி?" என்று கேட்பார். இருப்பது ஒரே ஊரில், நடந்தே வந்துவிடலாம். இரண்டு வீட்டுத் தெர்மாமீட்டரும் வேறு வேறாகவா காட்டும்? இருந்தாலும் கேட்பார். விடுமுறை முழுக்க அந்தக் கேள்வி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை — நேரமில்லை. நேரமில்லையா? சோபாவில் படுத்து சாக்லேட் தின்றதற்கு அப்படி ஒரு பெயரா?

ஜனவரி 8

பன்றித்தொடை சூப்பாகிவிட்டது. கடைசி அவதாரம்.

ஜனவரி 9, வெள்ளி

நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் குரலில் ஒட்டுதலே இல்லை.

"என்னப்பா, டிகிரி கேக்கவே இல்ல?"

"இப்பல்லாம் போன்லயே காட்டுதாமே. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்."

பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, அண்ணன் ரிகார்ட் கூப்பிட்டானாம், மால்மோவில் அவன் வீட்டுக் கீழ் அறை காலியாக இருக்கிறதாம், வந்துவிடச் சொல்கிறானாம் என்றார். வருஷா வருஷம் அண்ணன் கேட்பதுதான். வருஷா வருஷம் அப்பா, "பனியே விழாத ஊர்ல மனுஷன் இருப்பானா?" என்று அவன் வாயை அடைத்துவிடுவார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிக்கிறேன்னேன்."

"அங்க வெறும் மழைதாம்ப்பா."

"வயசானவனுக்கு மழை போதும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நாட்டின் வடக்கிலிருந்து தெற்குக் கோடிக்கா? இதென்ன பிடிவாதம்? எதற்கோ முறுக்கிக்கொண்டிருக்கிறார். எதற்கென்று கேட்டால் வாயைத் திறக்கவும் மாட்டார். பதின்மூன்றாம் தேதி, கிறிஸ்துமஸை முடித்துவைக்கும் க்னூட் நாளுக்குக் கட்டாயம் வர வேண்டும், கிறிஸ்துமஸ் மரத்தை வெளியே எறிய நீங்கள்தான் முதல் கை பிடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படியும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் தூவாவும் நானும் மரத்திலிருந்த கண்ணாடி உருண்டைகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். மிட்டாய்களை மட்டும் விட்டுவைத்தோம். அது க்னூட் அன்று பிள்ளைகள் கொள்ளையடிக்க. அவள் ஒரு உருண்டையைத் துடைத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "அம்மா, ரெண்டாவது கிறிஸ்துமஸ் தாத்தா ஏன் உள்ள வரல?" என்று கேட்டாள்.

"எந்த ரெண்டாவது?"

"நம்ம தாத்தா. தோர்கெல் பரிசு குடுத்துட்டு இருந்தப்ப ஜன்னலுக்கு வெளிய நின்னுச்சே. அந்தப் பழைய ஆட்டுத்தோல் கோட்டு, மூக்கு உடைஞ்ச முகமூடி. சாக்குகூட இருந்துச்சு. நான் கையாட்டினேன்."

"அப்புறம்?"

"விரலை வாய்மேல வெச்சு உஷ்னு காட்டிச்சு. அப்புறம் விறகுக் கொட்டகைப் பக்கம் போயிருச்சு."

"ஏன்டீ எங்கிட்ட சொல்லல?"

"உஷ்னு சொல்லிச்சுல்ல?"

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியுமாம், வருஷா வருஷம் வரும் கிறிஸ்துமஸ் தாத்தா நம் தாத்தாதான் என்று? சின்ன வயசிலிருந்தேவாம். தாத்தாவுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று தெரியாத மாதிரி இருந்தாளாம். இந்த முறை வந்தது, அவள் வார்த்தையில், "தாத்தா இல்லாத கிறிஸ்துமஸ் தாத்தா."

நான் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. டிசம்பரில் போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, இந்த வருஷம் நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா உக்காருங்க." அதற்கு முந்தின கிறிஸ்துமஸில் அந்த வேஷத்தோடு படியில் சறுக்கிவிட்டார். அது மனதில் இருந்தது. தோர்கெலுக்கும் வீட்டில் ஒரு இடம் வேண்டுமே என்பதும் இருந்தது. ஆனால் வேஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னேனா? இல்லை. சொல்லக் கூச்சம். புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன். அவர் என்ன நினைத்திருப்பார்? விறகு தூக்க வேண்டாம், மீன் ஊறுகாய் போட வேண்டாம் என்றுதானே.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் காபி முடிந்ததும் சமையலறை வாசலில் வந்து நின்று, "பேப்பர் வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். நான் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்குத் தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே "சரிப்பா" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் இந்த நாட்டில் எந்தக் கடையில் பேப்பர் விற்கிறார்கள்? எந்த வீட்டில் எந்த அப்பா பேப்பர் வாங்கப் போகிறார்? அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வீட்டுப் பெரியவர் வேஷம் மாட்டப் போகிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அப்பா இதையே சொல்லிவிட்டுத்தான் வெளியே போவார். நான் அழுவேன் — பாவம், ஒவ்வொரு வருஷமும் அப்பா பேப்பர் வாங்கப் போகும்போதுதான் கிறிஸ்துமஸ் தாத்தா வருகிறார், அப்பா பார்த்ததே இல்லை என்று. அந்த நானா அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை?

அப்புறம் உள்ளே வந்தார். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. "கடை மூடிட்டாங்க" என்றார். பழைய வேடிக்கையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். சிரித்தேன். எல்லோருக்கும் முன்னால் நான்தான் சத்தமாகச் சிரித்தேன். ஐயோ, அப்பா.

ஜனவரி 12

வேலை முடிந்து நேராக விறகுக் கொட்டகைக்குப் போனேன். முன் வரிசை விறகு மட்டும்தான் குறைந்திருக்கிறது, பின்னால் யாரும் போவதில்லை. பிர்ச் கட்டைகளுக்குப் பின்னால் சாக்கு. அதன்மேல் கோட்டை மடித்து வைத்திருக்கிறார், கடையில் மடிப்பது போல. அவர் எதையும் சுருட்டிப் போட மாட்டார்.

தூவாவுக்குப் பனியில் சறுக்க ஒரு ஸ்லெட் வண்டி. தோர்கெல் பெயருக்கும் ஒரு பொட்டலம். அவனுக்கும்! எனக்கு ஒன்று. வழக்கம்போல மேலே பாட்டு எழுதியிருந்தார், பிரிப்பதற்கு முன் உள்ளே என்ன என்று நான் சொல்ல வேண்டும்:

ஐந்து அண்ணன் தம்பிக்கு ஐந்து அறை, வாசல் ஒன்று;
அப்பாவோடு நடக்க வருவாய் என்றால் மாட்டிக்கொள் இன்று.

கையுறை. குளிரில் நின்றபடியே சத்தமாகச் சொன்னேன், "கையுறைப்பா." கேட்க யார் இருக்கிறார்கள்?

தோர்கெலிடம் காட்டினேன். அவன் முகம் செத்துப்போய்விட்டது. "உல்ரிகா, நீ அவர்கிட்ட சொல்லிட்டேன்னுதானே சொன்னே?" என்றான். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டதாக எனக்கே நம்பிக்கை.

ஜனவரி 13, க்னூட் நாள்

தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடினார்கள், மிட்டாயைப் பிய்த்துத் தின்றார்கள், கடைசியில் கத்திக்கொண்டே மரத்தைக் கதவு வழியாகப் பனிமேட்டில் எறிந்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்தது. கூடம் முழுக்க ஊசியிலை.

அப்பா வரவில்லை. பல்வலியாம். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவளிடம் பல்வலி! அதுவும் மேலும் கீழும் பல்செட் போட்டவர்.

ஜனவரி 14

கையுறையை மாட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

"அளவு சரியா இருக்கா?"

"இருக்குப்பா."

"உங்கம்மா அளவுதான் உனக்கும்."

அழக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் போயிருந்தேன். அழுதேன். அவர் கோட்டை எடுத்தார், வா நடக்கலாம் என்றார். துறைமுகம் வரைக்கும் நடந்தோம். கடல் ஓரத்தில் உறைந்து கிடந்தது. மன்னிச்சுக்கோங்கப்பா, நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும், உங்களை வேணாம்னு நினைக்கல என்று என்னென்னவோ சொன்னேன். உறைந்த கடலைப் பார்த்தபடி நடந்துகொண்டே சொன்னார்.

"இன்னொருத்தன் வேஷம் போட்டதுல எனக்கு ஒண்ணும் இல்ல உல்லா. அந்தப் பையன் நல்லாத்தான் பண்ணினான், தாடி மட்டும் கொஞ்சம் கோணல். எனக்கும் முட்டி போச்சு, எத்தனை நாளைக்கு ஓட்டறது. ஆனா நான் வாசல்ல வந்து நின்னு சொன்னப்ப நீ சரிப்பான்னியே, அதுதான். வெளிய நிக்கறப்பத்தான் புரிஞ்சுது. இவளுக்கு நான் எதுக்குப் போறேன்னுகூட ஞாபகம் இல்லன்னு."

உண்மையைத்தானே சொன்னார்.

போகாதீர்கள் என்றேன். எங்கள் வீட்டிலேயே வந்து இருங்கள் என்றேன். ரிகார்டிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. "பேரன்கள் அங்கயும் இருக்கானுங்க. அவனுங்க இன்னும் சின்னப் பசங்க, நம்புவானுங்க" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்று தெரியும். அதனால்தான் அதிகமாக வலிக்கிறது.

ஜனவரி 15

காலையில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். அப்பா இல்லை, மருத்துவமனையின் சம்பளப் பிரிவு.

ஜனவரி 20

தோர்கெல் எனக்குச் சொல்லாமல் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறான். திரும்பி வரும்போது கையில் ஆட்டுத்தோல் கோட்டுக்குப் போடும் பழைய இடுப்புக் கயிறு. "தாடியை எப்படிக் கட்டணும்னு காட்டிக் குடுத்தாரு" என்றான், அவ்வளவுதான். கொட்டகையிலிருந்த கோட்டையும் முகமூடியையும் இவனிடமே விட்டுவிட்டாராம். அது எனக்கு நிம்மதியா துக்கமா தெரியவில்லை. துக்கம்தான். அவர் கொடுத்தது நல்ல மனதோடுதான், ஆனால் கொடுத்துவிட்டார் என்றால் முடித்துவிட்டார் என்றுதானே பொருள்.

ஜனவரி 25

பெட்டி கட்ட உதவப் போனேன். தெர்மாமீட்டரைச் சுவரிலிருந்து கழற்ற மாட்டேன் என்கிறார். அடுத்து வருகிறவனுக்கு வேண்டுமாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அப்பா போனார்.

ஸ்டேஷனில் நல்ல பனி. தூவா ஸ்லெட்டையும் இழுத்துக்கொண்டு வந்தாள், தாத்தாவின் பெட்டியை அதில் ஏற்றித்தான் பிளாட்பாரம் வரை கொண்டுபோனோம். தோர்கெல் மற்ற பைகளை உள்ளே வைத்துவிட்டு இறங்கினான். சாண்ட்விச் எடுத்துக்கொண்டீர்களா, மாத்திரை எந்தப் பையில் என்று நான் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டிப் படியில் ஏறி நின்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். குரலைச் செருமிக்கொண்டு, அந்தப் பழைய தொனியிலேயே சொன்னார்.

"பேப்பர் வாங்கிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா தாத்தா!" என்று தூவா கத்தினாள். "கடையை மூடிடுவாங்க!"

அவர் சிரித்தார். நான் இந்த முறை சரிப்பா என்று சொல்லவில்லை. கதவு சாத்தும்வரை, வண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்குச் சமையலறையில் பார்க்க வேண்டியதை எல்லாம் இன்று ஸ்டேஷனில் பார்த்தேன்.

பிப்ரவரி 3

காலைக் காபி நேரத்துக்குப் போன் வந்தது.

"வெளியே என்ன டிகிரி?"

"மைனஸ் பதினாறுப்பா. அங்க?"

"ப்ளஸ் நாலு. மழை."

இப்போது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.