மூன்றாம் நாள் பாட்டில்

ஏப்ரல் 12, 1971. திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. அக்கா முதல் வண்டியில் பெங்களூர் போய்விட்டாள், நூலகத்தில் குறிப்பெடுக்க. வெள்ளிக்கிழமை வருவாள். அதுவரை பாட்டில்கள் என் பொறுப்பு.

அலமாரியில் இரண்டு, கறுப்புத் தாள் சுற்றியவை. உள்ளே ஆரஞ்சுக் கரைசலில் ஆட்டு மூளைத் துண்டுகள். இடது, போன செவ்வாய் போட்டது. வலது, சனிக்கிழமை போட்டது.

கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "நாளைக்கு இடது பாட்டிலுக்கு ஏழு நாள் முடியுது. துண்டுகளை வெள்ளிக் கரைசலுக்கு, அதான் சில்வர் நைட்ரேட்டுக்கு, மாத்து. வலதைத் தொடாதே."

ஏழு நாள் என்பது புத்தகக் கணக்கு. அப்படி ஊறினால் நரம்பு செல் ஒன்றிரண்டு மட்டும் கறுப்பாகத் தெரியுமாம். ஐந்து முறை செய்தாயிற்று. கறுப்புத் தூள்தான். இந்த மாதம் தெரியாவிட்டால் வேறு ஆராய்ச்சி பார் என்று கல்லூரியில் சார் சொல்லிவிட்டார். அப்பா அதற்கு மேல்: "தெரியலன்னா படிச்சது போதும். மே மாசம் கல்யாணம்." திருச்சி மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம். முறுக்கு நிறைய மிச்சம்.

13, செவ்வாய்

பூகோளப் பரீட்சை சுமார். இடது பாட்டிலை மாற்றிவிட்டேன். வெளிச்சம் படக்கூடாதென்று ஜன்னல் சாத்தி, போர்வைக்குள். புதுப் பாட்டிலில் '7 நாள்' என்று சீட்டு. விரல் நுனியெல்லாம் கறுப்பு. சோப்புக்குப் போகவில்லை.

14, புதன்

கொசுவலைக்குள் அப்பாவின் ரயில்வே டார்ச். அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

அம்மா சோறு போடும்போது சொன்னாள்: "அந்த நாத்தம் புடிச்ச பாட்டிலைக்கூட எடுத்துத் தொடச்சு, புதுப் பேப்பர் விரிச்சு வெச்சேன், கூட்டத்துக்கு."

"எது எந்தப் பக்கம் இருந்துதும்மா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானேடி இருக்கு."

மிச்சமிருக்கும் பாட்டிலின் அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். அக்காவின் பென்சில்: போன செவ்வாய்த் தேதி. அப்படியானால் நான் மாற்றியது சனிக்கிழமைப் பாட்டில். மூன்றே நாள்.

தேதியை எச்சில் தொட்டு அழித்தேன். அக்கா கையெழுத்தில் சனிக்கிழமைத் தேதியை எழுதினேன். கர்த்தரே.

17, சனி

அக்கா நேற்று வந்துவிட்டாள். இன்று கல்லூரிக்கு என்னையும் கூட்டிப் போனாள். நான் மாற்றிய பாட்டிலின் துண்டுகளைச் சீவிச் சீவிப் பார்த்தாள். ஐந்தாவது சீவலில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பியூலா, வா. நான் பாக்கறது நிஜமான்னு சொல்லு."

மைக்ராஸ்கோப்பில் மஞ்சள் வெளி. நடுவில் ஒரே ஒரு செல், மையாகக் கறுப்பு. வேரோடு பிடுங்கிய சின்ன வெங்காயம். வேரெல்லாம் பொடி முள். சார் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அக்கா அழுதுகொண்டே நோட்டில் எழுதினாள்: ஏழு நாள்.

அடுத்த முறையும் ஏழு நாள் போடுவாள். தூள்தான் வரும்.

18, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வரும் வழியில் சொல்லிவிட்டேன். தேதியை அழித்ததையும். அக்கா நடுரோட்டில் நின்றாள். அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"மூணு நாளா?"

"ஆமா."

"திருட்டுக் கழுதை. சொல்லாம இருந்திருந்தா சாகற வரைக்கும் ஏழு ஏழுன்னு போட்டுட்டிருப்பேன்." கொஞ்ச தூரம் நடந்து, "புத்தகம் எழுதினவன் ஊர்ல பனி கொட்டும்டி. நம்ம சூட்டுக்கு ஏழு நாள் எதுக்கு?"

நேரே மார்க்கெட்டில் பாய் கறிக்கடை. புது மூளை.

"இன்னாம்மா, மறுபடியும் பாட்டில்ல போடறியா? ஒனக்கு கீற மூளை போதலியா?"

"போதல பாய். அதான் வாங்கறேன்."

வீட்டில் தேதி மாற்றிய பழைய பாட்டிலையும் வெள்ளிக் கரைசலுக்கு மாற்றினாள், ஒப்பிட்டுப் பார்க்க.

23, வெள்ளி

புது மூளை மூன்று நாள் ஊறி, வெள்ளிக் கரைசலில் இரண்டு நாள். சார் பக்கத்திலேயே நின்றார். நான் எண்ணினேன்: பதினோரு செல். பழைய பாட்டிலில் வெறும் தூள்.

பதினொன்று. பதினொன்று.

சார்: "மாத்தினது யாரு?"

அக்கா: "என் தங்கச்சி சார். தப்பா மாத்திட்டா."

"நல்லா தப்பு பண்ணியிருக்கா. இந்த மூணு நாளையே கட்டுரையா எழுதும்மா. நரம்பு ஆராய்ச்சியை விட வேண்டாம்."

வெளியே வந்து இருவரும் கரும்புச் சாறு. அக்கா இரண்டு தம்ளர்.

24, சனி

அக்கா செல்லைப் பென்சிலில் வரைந்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும் வரை அதையே பார்த்தார்.

"இது நம்ம தலைக்குள்ளயும் இருக்கா?"

"கோடிக் கணக்குல இருக்குப்பா."

கை கழுவிவிட்டு வந்து தபால் கார்டு கேட்டார். திருச்சிக்கு மூன்றே வரி. பெண் ஆராய்ச்சியில் இருக்கிறாள். முடிய வருடங்கள் ஆகும். காத்திருக்க இயலாவிட்டால் வேறு இடம் பார்க்கவும்.

என்னிடம் கொடுத்தார். ஓடினேன். தபால் பெட்டிக்குள் அது விழும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை வெளியே எடுத்தேன்.