அம்மாவின் சின்னத் துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு

அன்பு மகள் மெர்யாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே டூசானில் வெயிலும் சுகமுமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், நலம் என்றே வைத்துக்கொள். பனி முழங்கால் வரை வந்துவிட்டது, கொல்லைக் கதவை இன்று காலை மண்வெட்டியால் தோண்டித்தான் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் ஏனப்பா குரல் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். அம்மா பக்கத்திலேயே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், வேறென்ன சொல்ல. ஜலதோஷம் இல்லை, களைப்பு. மான் வேட்டை சீசன் முடிந்தது, அதோடு நானும் முடிந்துவிட்டேன்.

அம்மாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தது உனக்குத் தெரியும். அதை இடது தோள் பக்கம் வைத்திருக்கிறார்கள், அவளோ இடது தோளில் வைத்துச் சுடுகிறவள். அவளுடைய பெரிய துப்பாக்கி உதைத்தால் உள்ளே வயர் நகர்ந்துவிடும், அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது தோளுக்கு மாற்றிப் பார்த்தாள், வலது கண்ணில் புரை, குறி நிற்கவில்லை. சரி, இந்த வருஷம் வீட்டிலேயே இருப்பாள் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது உண்மை. ஒருநாள் அவள் பரணில் இருந்து உன்னுடைய சின்னத் துப்பாக்கியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள், கல்யாணத்துக்கு முன்னால் நீ கயோட்டி நரி சுடுவாயே, அதுதான். உதைக்கவே உதைக்காது, பூனை முட்டுகிற மாதிரி இருக்கும், டாக்டரிடமும் கேட்டுவிட்டேன் என்றாள். எனக்கு முன்னாடி டாக்டரிடம் கேட்டிருக்கிறாள் பார்.

அதற்கு எந்தக் குண்டு போடுவது என்பதில்தான் வீட்டில் அமைதி போனது. உன் மாமா வெய்னோ ஒரு பெட்டியோடு வந்தான், நரிக்குப் போடுகிற மெல்லிய குண்டு. அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது தோல்ல பட்டதும் சிதறிடும்டா. நரிக்குச் சரி. மானோட தோள் எலும்புல பட்டா மேலாக ஒரு குழி தோண்டும், உள்ள போகாது. அது சதுப்புக்குள்ள போய் நாள் கணக்கா கிடந்து சாகும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவன் என்னைப் பார்த்து, “அத்தான், உங்க வீட்டம்மா குண்டு தேடல, மாப்பிள்ளை தேடுறா” என்று சிரித்தான். அதோடு விட்டானா, அக்காவால் முடியும் என்றால் தன்னாலும் முடியும் என்று தானும் ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கி அதே நரிக் குண்டைப் போட்டுக்கொண்டான்.

கடை கடையாக அலைந்தது நான். சீசன் நெருக்கத்தில் எல்லா அலமாரியும் காலி. முதலில் ஒரு கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்தேன், முனை வரைக்கும் செம்பு மூடியது. “ரூடி, இது பட்டாளத்துக் குண்டு. விரியவே விரியாது, ஊசி மாதிரி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துடும். மானுக்கு இதைப் போடச் சட்டமே விடாது” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த தடவை ஹௌட்டன் டவுன் வரைக்கும் பனியில் வண்டி ஓட்டிப் போய் இருந்ததிலேயே கனமான, நீளமான குண்டாக வாங்கி வந்தேன், இனி வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஜல்லிக் குழிக்குப் போய் அட்டை வைத்துச் சுட்டுப் பார்த்தாள். வட்ட ஓட்டைக்குப் பதில் அட்டையில் நீள நீளமாகக் கிழிந்திருந்தது. உன் துப்பாக்கி பழசு, குழலுக்குள் இருக்கிற திருகு வரி நிதானமாகச் சுற்றுவது, அவ்வளவு நீளக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்ப அதற்குத் தெம்பில்லை, குண்டு குட்டிக்கரணம் போட்டுப் பக்கவாட்டில் போய் மோதுகிறது என்று விளக்கினாள். எனக்கு அந்தப் பனியிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. கடைசியில் நடுத்தர எடையில் ஒன்று கிடைத்தது, முன்பாதி விரியும், பின்பாதி கெட்டிச் செம்பு, உடையாமல் உள்ளே போகும். அட்டையில் எல்லா ஓட்டையும் ஒரே இடத்தில் விழுந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை மெர்யா, அதனால்தான் பேசாமல் காட்டில் இருக்கிற நம் வேட்டை முகாமுக்குச் சமையல் சாமானைக் கட்டினேன்.

முதல் நாள் காலை அவளோடு நானும் மறைவில் உட்கார்ந்தேன், தனியாக விட மனசில்லை. ஒரு பெரிய ஆண் மான் வந்தது, கொம்பைப் பார்த்து எனக்கே மூச்சு நின்றது. நேர் எதிரே நெஞ்சைக் காட்டி நின்றது. அவள் துப்பாக்கியைத் தூக்கினாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், இறக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். பக்கவாட்டில் திரும்பினால் தோளுக்குப் பின்னால் நுரையீரலுக்குப் போகும், இப்படி நின்றால் இந்தக் குண்டு போதாது என்றாள். மான் திரும்பவே இல்லை, போய்விட்டது. மதியம் முகாமில் வெய்னோவிடம் சொன்னபோது அவன் கறி அடைத்த பாஸ்டி ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே, “அக்கா, நீ மான் சுட வந்தியா, அதுக்குப் போட்டோ எடுக்க வந்தியா” என்றான்.

மறுநாள் காலை வெய்னோ உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அவன் சுட்டது அதே மானை. சுட்ட இடத்தில் கொஞ்சம் முடி, எலும்புச் சில்லு, ரத்தம் சொட்டுச் சொட்டாக. மூன்று காலில் ஓடியது அத்தான், முன்கால் ஒன்று தொங்கியது என்றான், அவன் குரலே மாறியிருந்தது. உடனே துரத்தினால் நிற்காமல் போகும், படுக்க விடு என்று அம்மா சொல்லிக் காத்திருந்து பிறகு கிளம்பினோம். நீ வராதே, உன் உடம்புக்கு ஆகாது என்று நான் கெஞ்சினேன். அவள் கேட்டால்தானே. வெய்னோவைச் சதுப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் தேவதாரு மரங்களுக்குள் நுழைந்தோம். பனிக்கு அடியில் தண்ணீர், காலெல்லாம் நனைந்து, அவள் மரத்துக்கு மரம் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். அவளைப் பார்ப்பதா ரத்தத்தைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாய்ந்த மரத்தடியில் அது படுத்திருந்தது. தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது, எழுந்திருக்க முயன்றது, முடியவில்லை. அம்மா துப்பாக்கியைத் தூக்கினாள், குழல் முனை காற்றில் வட்டம் போட்டது. இறக்கினாள், மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். “ரூடி, என்னால முடியல. நீ முடி” என்றாள். நான் வருஷா வருஷம் வேட்டை அனுமதிச் சீட்டு வாங்குகிறவன்தான், ஆனால் முகாமில் சமைப்பேனே தவிர எதையும் சுட்டதில்லை என்பது உனக்குத் தெரியாதா. வேண்டாம் ஐலி, வெய்னோவைக் கூப்பிடலாம் என்றேன். “அவன் வர்ற வரைக்கும் அது இப்படியே கிடக்கணுமா” என்றாள். வாங்கிக்கொண்டேன். அவள் என் முதுகில் கையை வைத்து, காதுக்குக் கீழே, கழுத்தில் வை, மூச்சை விட்டுவிட்டு அமுக்கு என்று மெதுவாகச் சொன்னாள். அமுக்கினேன். தலை பனியில் சாய்ந்தது, அவ்வளவுதான். நான் அந்தப் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தேன், அம்மா மானின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முகாமில் தோல் உரித்தபோது தோள் எலும்பின் மேல் கை நுழையும் அளவு ஒரு குழி, உள்ளே நெஞ்சுக்கூடு அப்படியே இருந்தது, துளி சேதம் இல்லை. வெய்னோவின் குண்டு அங்கேயே பொடிப் பொடியாகக் கிடந்தது. அவன் அந்தத் துணுக்குகளைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தான், எடுத்து என்ன செய்யப் போகிறான். “அக்கா, ஏதாவது திட்டேன்” என்றான். அவள், “காபி ஊத்துடா, கை விறைச்சுப் போச்சு” என்றாள். அவன் ஊற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போய் விறகு வெட்டினான், முகாமில் தேவைக்கு மேல் விறகு இருந்தது. இப்போது தினமும் வந்து எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறான், உள்ளே வா என்றால் வேலை இருக்கிறது என்கிறான். நீ ஒரு போன் போட்டு மாமாவிடம் இரண்டு வார்த்தை பேசு, மானைப் பற்றிக் கேட்காதே.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டர் பார்த்துவிட்டு மெஷின் சரியாக இருக்கிறது என்றார், சதுப்பில் நடந்ததை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. சர்ச்சில் எல்லோரிடமும் ரூடி தன் முதல் மானைச் சுட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறாள், ஆளாளுக்கு வந்து முதுகில் தட்டுகிறார்கள், நான் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தக் கறியை என்னால் இன்னும் சாப்பிட முடியவில்லை, அவள் சாப்பிடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், அது போதும்.

உண்மையில் அடுத்த வருஷம் வேட்டை வேண்டாம் என்று நீ அவளிடம் சொல்லவேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டாள் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இவ்வளவும் எழுதிய பிறகு அதைக் கேட்க மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த நவம்பரில் மான் சீசனுக்கு லீவு எடுத்துக்கொண்டு வா. சதுப்பில் அவளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும், எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் அன்பைச் சொல். உன் முதுகு வலிக்குத் தரையில் படுக்காதே, நல்ல மெத்தை வாங்கு. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும், குறைவில்லாமல் இருங்கள். நவம்பருக்குக் கனமான பூட்ஸ் மறக்காதே, அங்கே கிடைக்காது என்றால் அளவை மட்டும் சொல், நான் வாங்கி வைக்கிறேன்.

உன் அப்பா,
ரூடி