கிழிக்கச் சொன்ன பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள ஸ்டெனோம்மாவுக்கு,

சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது.

சுயசரிதை எழுதுகிறேன். அரசு வழக்கறிஞராக ஒன்பது ஆண்டு, உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பதினான்கு ஆண்டு. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்களைப் பார்க்கிறேன். ஒரு பாராவைத் திக்காமல் சொல்ல ஒருவருக்கும் துப்பில்லை.

பத்திரிகைகள் எல்லாம் அந்த நர்ஸுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, அவள் மனுவைத் தள்ளுபடி செய்தேனே, அதுதான் 'அஞ்சாமை' என்ற அத்தியாயம். அன்று என் வாயிலிருந்து வந்ததை அப்படியே போட வேண்டும். பழைய குறிப்பேடுகளை நீங்கள் வீட்டில் வைத்திருப்பதாக டவாலி சொன்னான். அந்தச் சுருக்கெழுத்துக் கோழிக்கிறுக்கல் உங்களுக்குத்தான் புரியும். தட்டச்சு செய்தே அனுப்புங்கள். முன்னுரையின் கடைசியில் உங்களுக்கும் ஒரு வரி நன்றி உண்டு.

ஆசிகளுடன்,
நீதியரசர் (ஓய்வு)

ஜனவரி 20

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அன்று தங்கள் வாயிலிருந்து வந்தவை இரண்டு. எதை அனுப்பட்டும்?

முதலாவது காலை பதினொன்றுக்கு, தங்கள் அறையில். "ஆபரேஷனுக்கு வந்த டாக்டர் குடித்திருந்தார் என்று நர்ஸ் சொன்னது உண்மை. உண்மை சொன்னதற்காக அவளை வேலையைவிட்டு நீக்கியது செல்லாது." அடிக்கோடு போடச் சொன்னீர்கள், போட்டேன்.

ஒன்றே காலுக்கு அமைச்சர் போன் செய்தார். டாக்டர் அவருடைய மைத்துனர். "சரிங்க... புரியுதுங்க... அப்படியே பண்ணிடலாங்க" என்று நின்றுகொண்டே பேசினீர்கள். வழக்கறிஞர்களை நிற்க வைத்தே பழகிய தாங்கள் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டாவது மூன்று மணிக்கு. "காலையில சொன்ன பக்கத்தைக் கிழிச்சுப் போடும்மா" என்றீர்கள். அதன் பிறகு அந்த நர்ஸ் பொய்க்காரி ஆனாள். அதையும் பிழையில்லாமல் நான்தான் தட்டச்சு செய்தேன். வாயைத் திறக்கவில்லை. என் அஞ்சாமையும் அவ்வளவுதான். ஆனால் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் பழைய ஸ்டெனோ

பிப்ரவரி 2

ஸ்டெனோம்மாவுக்கு,

இத்தனை வருடம் கோர்ட்டில் குப்பை கொட்டியும் உங்களுக்குச் சட்டம் ஒட்டவில்லை. கையெழுத்துப் போடும்வரை எதுவும் தீர்ப்பில்லை. காலையில் நான் சொன்னது வெறும் யோசனை. நீதிபதி யோசிக்கக்கூடாதா?

அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. அவளுக்காக நீங்கள் எதற்கு வரிந்துகட்டுகிறீர்கள்? தட்டச்சு செய்யத் தெரிந்தவரெல்லாம் தீர்ப்புச் சொல்லக் கிளம்பினால் நாடு தாங்காது.

நான்கு நாளில் அந்தக் குறிப்பேடு என் மேசைக்கு வர வேண்டும். நன்றியை வேண்டுமானால் இரண்டு வரியாக்குகிறேன்.

நீதியரசர் (ஓய்வு)

பிப்ரவரி 15

ஐயா,

குறிப்பேடு வராது. அதை எடுத்துக்கொண்டு அந்த நர்ஸைப் பார்க்கப் போனேன். முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கையோடு கிடப்பவர்களைக் குளிப்பாட்டுகிறாள். வேறெந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். காலையில் தாங்கள் சொன்னதை முழுக்கப் படித்துக் காட்டினேன்.

"இதை வெச்சு திரும்பக் கேஸ் போட முடியுமாம்மா?"

"கையெழுத்து இல்லம்மா. சட்டத்துல இதுக்கு மதிப்பே கிடையாது."

அடிக்கோடு போட்ட வரியை அவள் விரலால் தொட்டாள்.

"அப்போ நான் பொய் சொல்லலன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பாவம், பெரிய மனுஷர், டாக்டருங்க வேலையெல்லாம் அவருக்கு எங்கே புரியப்போகுதுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன். பன்னெண்டு வருஷமா மன்னிச்சு வெச்சிருந்தேம்மா அந்த ஆளை."

குறிப்பேட்டைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். அது அவளுடையது.

மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாள். இது தங்கள் தகவலுக்காக.

ஸ்டெனோ