வரைபடத்தில் நம் வீட்டுப் புள்ளி

ஆல்டர்ஸ்பி,
ஜனவரிக் கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஏட்ரியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அங்கே கால்கரியில் கொட்டுகிற பனியில் நீயும் நடீனும் குழந்தை ஓவனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் என் நினைப்பெல்லாம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன் இல்லையா, அடுப்பில் ஒன்றும் இல்லை. போனில் விஷயத்தைச் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பிப்பாய், நானும் பதிலுக்குக் கத்துவேன், சொல்ல வந்தது போய்விடும். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டிருந்துதான் ஆகவேண்டும்.

போலீஸ்காரர்கள் கம்ப்யூட்டரில் போடுகிற அந்தக் குற்ற வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நம் ஊர் சிவந்து கிடக்கிறது, அம்மா அங்கே பாதுகாப்பாக இல்லை, வீட்டை விற்றுவிட்டுப் புறப்பட்டு வா என்று கிறிஸ்துமஸிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய். அடுத்த முறை நீ பார்க்கும்போது சர்ச் சந்தில், சரியாக நம் வீட்டுக்கூரை மேலேயே, ஒரு புதுப் புள்ளி இருக்கும். வீடு புகுதல் என்று எழுதியிருக்கும். பதறாதே. என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை, வீட்டில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. அது எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இலையுதிர்காலத்தில் ஊர் மன்றக் கூட்டம் நடந்தது. போலீஸ் சீருடையில் மாதம் ஒருமுறை வேனில் வந்து போகிற அந்தப் பெண் கீலி எழுந்து நின்று, போன வருஷத்தைவிடக் குற்றங்கள் நூறு சதவீதம் கூடியிருக்கின்றன என்று வாசித்தாள். கூட்டத்தில் எல்லாரும் ஐயோ என்றார்கள். பின்வரிசையில் இருந்து நான் எழுந்து, எவ்வளவிலிருந்து எவ்வளவு என்று கேட்டேன். போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் இரண்டு என்றாள். அந்த இரண்டில் ஒன்று ஊர்க்காவல் குழுத் தலைவர் டெரெக்கின் புல்வெட்டும் இயந்திரம். கொட்டகையை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்று மனிதர் ஊரைக் கூட்டினார், பார்த்தால் அவரே அதை மச்சானுக்கு இரவல் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறார். அதைக் கழித்துவிடலாமே என்று கேட்டதற்குக் கீலி, “ஒரு தடவை குற்ற எண் போட்டா போட்டதுதாங்க, அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல” என்று சொல்லிவிட்டாள். ஆகவே அந்தப் புள்ளி இருக்கிறது, நீயும் அதைப் பார்த்துப் பயந்திருக்கிறாய்.

இரண்டாவது உண்மையான திருட்டு, அதை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். சர்ச்சுக் கூரையின் ஈயத் தகட்டை உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டப்பகலில். கூரை ஒழுகுகிறது என்று மேலிடத்துக்கு நாம் எத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருந்தோம் என்று உனக்கே தெரியும், ஆறேழு ஊருக்கு ஒரே பாதிரியார் என்பதால் யார் எந்த வேலைக்குச் சொல்லிவைத்தார்கள் என்று யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, ஏணியும் வேனுமாக மூன்று பேர் வந்து இறங்கியதும், அப்பாடா, ஒருவழியாக ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று ஊரே சந்தோஷப்பட்டது. வேலை செய்கிறவனிடம் போய் உன்னை யார் அனுப்பினார்கள் என்று கேட்கிற பழக்கம் இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது, அப்படிக் கேட்டால் அவமரியாதை இல்லையா. அவர்கள் வேன் திரும்புவதற்காக நான் என் காரைப் பின்னால் எடுத்து வழிவிட்டுக் கையும் அசைத்தேன். வண்டிகள் வராமலிருக்க அவர்கள் தெருவில் வைத்திருந்த கூம்பு காற்றில் விழுந்தபோது, டெரெக்தான் நாயோடு நடந்து போகிற வழியில் அதை நிமிர்த்தி வைத்தார். சர்ச்சுப் பொறுப்பு எதிர்வீட்டு மியூரியலுடையது ஆயிற்றே, அவள் தட்டு நிறைய உலர்பழக் கேக்கும் டீயும் கொண்டுபோய்க் கொடுத்து, மழை வருவதற்குள் முடித்துவிடுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு வந்தாள். மழைக்கு முன்னால் முடித்துவிட்டார்கள்.

செய்தது எல்லாரும், பழி விழுந்தது மியூரியல் தலையில். மதுக்கடையில் டெரெக் எல்லாருக்கும் கேட்கும்படி, “இன்னும் சர்ச்சு மணி ஒண்ணு மிச்சம் இருக்கு, வந்து எடுத்துக்கச் சொல்லுங்கப்பா, மியூரியல் கேக் சுட்டு வெச்சிருப்பா” என்று சொல்லியிருக்கிறார். சிரித்தவர்களில் யாரோ போய் அதை அவளிடமே சொல்லியிருக்கிறார்கள், ஊர் என்றால் அதற்கும் ஆள் இருக்குமே. அன்றைக்கே சர்ச்சுப் பொறுப்பை விட்டுவிட்டாள். வாசலில் காமிரா வைத்த அழைப்பு மணி, கதவுக்குச் சங்கிலி, இரண்டு தாழ்ப்பாள், ஜன்னலுக்கு உள்ளே யாரும் பார்க்க முடியாத மறைப்பு. வியாழக்கிழமைக் காப்பிக்கு வருவதை நிறுத்தினாள். நான் போய்த் தட்டினால் கதவிலிருக்கும் தபால் துளை வழியாக, “இன்னிக்கு வேணாம் ஹேசல், தலை வலிக்குது” என்பாள். ஒருநாள் விடாமல் அங்கேயே நின்றேன், அப்போதுதான் அந்தத் துளை வழியாகவே அழுதாள். “ரெண்டாவது தடவையும் கேக் வெட்டிக் கொடுத்தேன்டி. தட்டைக் கழுவி, துடைச்சு வெச்சிட்டுப் போயிருக்கானுங்க. அதான்டி எனக்குத் தாங்கல” என்றாள். லெஸ்டரில் இருக்கிற அண்ணன் மகள் கூப்பிடுகிறாளாம், வீட்டை விற்கப் போகிறாளாம். தரகர் வந்து அறை அறையாக அளந்துவிட்டும் போனார்.

இங்கேதான் நீ கவனமாகப் படிக்கவேண்டும் ஏட்ரியன். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஈயத் திருடனை நினைத்து நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் உன் அப்பா போனதிலிருந்து எனக்கும் மியூரியலுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு உண்டு, இந்தச் சந்தில் தனியாக இருக்கிற எல்லாருமே அப்படித்தான். காலையில் எழுந்ததும் முன்னறைத் திரைச்சீலையை விலக்கவேண்டும். விலகியிருந்தால் ஆள் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். வெகுநேரம் மூடியே இருந்தால் எதிர்வீட்டுக்காரி பின்பக்கமாகப் போய்ப் பார்க்கவேண்டும், பின்கதவு திறந்துதான் இருக்கும். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை, பேசுகிற விஷயமா அது. மியூரியல் மறைப்பை இறக்கிப் போட்டபிறகு எனக்கு அவள் இருப்பது தெரியவில்லை, அவளும் என் ஜன்னலைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. அவள் லெஸ்டருக்குப் போய்விட்டால் நான் இங்கே இருக்கமுடியாது, நீ சொல்வதுபோலக் கிளம்பவேண்டியதுதான் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. உன்னிடம்தான் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலையில் ஆரஞ்சு மார்மலேடு காய்ச்சலாம் என்று அலமாரி மேலிருக்கும் பெரிய பாத்திரத்தை எடுக்க நாற்காலியில் ஏறினேன். ஏறாதே என்று நீ சொல்லியிருக்கிறாய், தெரியும். கல் தரையில் விழுந்தேன். இடது மணிக்கட்டில் சின்ன விரிசல், இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது, அவ்வளவுதான், எழுதுவது வலது கையால் என்பதால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னறைத் திரையை நான் இன்னும் விலக்கியிருக்கவில்லை. பின்கதவோ, நீ போனில் சொல்லிச் சொல்லி, புதுத் தாழ் போட்டு உள்ளே பூட்டியிருந்தது. தரையில் கிடந்துகொண்டு, மியூரியல் இனிமேல் இந்தப் பக்கம் பார்க்கவேமாட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவு பயம் எனக்கு உன் பிரசவத்தில்கூட வந்ததில்லை.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்த மறைப்பின் ஓரத்தை விலக்கி தினமும் காலையில் பார்த்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சங்கிலியும் தாழும் எல்லாம் நீக்கி, வீட்டுச் செருப்போடு, இரவு அங்கியோடு சந்தில் ஓடி வந்து பின்கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். தெருவுக்கு ஓடி முதலில் வந்த வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தினாள். வெள்ளை வேன். பார்சல் கொண்டுவரும் பல்கேரியாக்காரப் பையன் ஸ்டோயன் ஓட்டுவது. நம் வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தானே, பாவம் அவன் தேடிக்கொண்டு சந்துக்குள் இரண்டு முறை வந்து போனதற்கு, சந்தேகத்துக்குரிய ஆள், உஷார் என்று டெரெக் அவனைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அவனை நிறுத்தி மியூரியல் என்ன செய்தாள் தெரியுமா. நான் உள்ளே கிடந்து முனகுகிறேன், அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, “நீ யாரு? உன்னை யார் அனுப்பினது? கார்டைக் காட்டு” என்கிறாள். அவன், “அம்மா, நீங்கதான என்னை நிறுத்தினீங்க” என்கிறான். கார்டை அவள் எழுத்து எழுத்தாகப் படிப்பது எனக்கு உள்ளே கேட்கிறது. “இது போன வருஷத்துப் போட்டோ மாதிரி இருக்கே” என்று வேறு. நான் அங்கிருந்தே, “மியூரியல், அவன் திருடனா இருந்தாலும் பரவாயில்ல, உள்ள அனுப்புடி” என்று கத்தினேன்.

அவன் சரக்கறை ஜன்னல் கண்ணாடியைக் கையுறையால் உடைத்து, உள்ளே ஏறிக் குதித்து, என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோல மெல்லத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். அவன் கால் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டெரெக் நாயோடு அந்த வழியாக வந்திருக்கிறார், பின்கதவுப் பக்கம் நின்ற மியூரியல் அவர் கண்ணில் படவில்லை. பார்த்தவர் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாமா, வேலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு போலீசுக்குப் போன் போட்டார். கீலி வந்து சேர்ந்தபோது நான் கையில் துண்டு சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன், ஸ்டோயன் கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தான். கீலிக்கே சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் புகார் வந்துவிட்டதால் எண் போட்டே தீரவேண்டுமாம். அதுதான் நம் வீட்டு மேல் வரப்போகிற புள்ளி. ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டதும் டெரெக்தான், அவர் காரில்தான். திரும்பி வந்து இறங்கும்போது மியூரியல் பக்கம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மியூரியல்” என்றார். அவள் இறங்கி என் நல்ல கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், இன்னும் கொஞ்ச நாள் அவர் தவிக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடக் காத்திருந்தபோது மியூரியல் திடீரென்று, “லெஸ்டர்ல போய் நான் யார் ஜன்னலைப் பாப்பேன்டி?” என்று கேட்டாள். வீட்டை விற்பதானால் விற்றுக்கொள், அது உனக்கு ஒருத்திக்குப் பெரிய வீடுதான், ஆனால் என் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் சொன்னேன். வருகிறேன் என்றாள், அவ்வளவுதான் பேச்சு. ஆகவே நான் கால்கரிக்கு வரவில்லை கண்ணா. நீ அன்பாகத்தான் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, நடீனிடமும் அம்மா கோபமாக இல்லை என்று சொல். நான் சாப்பிடுகிற மாத்திரை, டாக்டர் தேதி எல்லாம் மியூரியல் பார்த்துக்கொள்வாள், என்னைவிட அவள் கறார். நாற்காலியில் ஏறமாட்டேன், பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்தாகிவிட்டது. ஓவனுக்கு ஆரஞ்சுச் சாறு ஜில்லென்று கொடுக்காதே.

அவளுக்குக் கொடுத்தது உன் அறையை. மாடியில் வேறு அறை ஏது. உன் விமானப் பொம்மைகளையும் கிரிக்கெட் மட்டையையும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியாகிவிட்டது, ஏற்றியது ஸ்டோயன், நான் இல்லை. நீ போனதிலிருந்து அந்தக் கட்டிலுக்கு மாதாமாதம் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன், யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். விருந்தாளி வந்தால்கூட அங்கே படுக்கவிடமாட்டேன், நீ ஒருநாள் திரும்பி வந்துவிடுவாய் என்று. நீ வரமாட்டாய், உன் வீடு அங்கேதான், இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இன்று காலையில் மியூரியல் கீழே இறங்கியபிறகு மேலே போய்ப் பார்த்தேன், விரிப்பு கசங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று அழுதேன், அப்புறம் மனசு லேசாக இருந்தது.

உங்கள் மூன்று பேரையும் கடவுள் ஒரு குறையும் இல்லாமல் வைத்துக் காப்பாற்றட்டும். கோடையில் வருவதாக இருந்தால் தேதியை முன்கூட்டியே எழுது, நீ படுக்க முன்னறையில் சோபா போடவேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஹேசல்