பிடித்துவை, உறுதிசெய்

மார்ச் 4, செவ்வாய்

கையேடு திரும்பி வந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

கல்யாண மண்டபங்களில் தேதி பதிவதற்கு எங்கள் கம்பெனி ஒரு மென்பொருள் செய்திருக்கிறது. அதை எப்படி இயக்குவது என்று மண்டப அலுவலகத்தில் இருப்பவருக்குச் சொல்லும் புத்தகம் இது. எழுதியது நான். தமிழைத் திருத்த முதலாளி வெங்கட்ரமணன் அமர்த்தியிருப்பது இன்பமணி சாரை. பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவர்.

எல்லா இடத்திலும் 'அழுத்தவும்' என்றுதான் எழுதியிருந்தேன். அதில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை 'சொடுக்குக', 'தட்டுக', 'தொடுக' என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். எல்லாம் ஒரே வேலை! ஓரத்தில் குறிப்பு வேறு: "சொன்ன சொல்லே திரும்ப வருகிறது. இம்போசிஷன் போல் உள்ளது."

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சம்பந்தம் பேசும்போதே மண்டபத்தில் தேதியைச் சொல்லிவைப்பதும், பேச்சு முடிந்தபின் உறுதி செய்வதும்தான் இந்தப் பக்கத்து வழக்கம். அதற்காகவே இரண்டு பொத்தான்கள்; திரையில் படம் மட்டும், பெயர் கையேட்டில்தான். 'பிடித்துவை' என்றால் தேதி ஏழு நாள் நிற்கும், பிறகு தானாக விடுபட்டுவிடும். 'உறுதிசெய்' என்றால்தான் தேதி நமக்கு. சாருக்கு 'பிடித்துவை' கொச்சையாம். இரண்டையும் அடித்துவிட்டு இரண்டு இடத்திலும் 'பதிவு செய்க' என்று எழுதியிருக்கிறார்.

ஒரு வேலைக்கு நாலு சொல், ரெண்டு வேலைக்கு ஒரே சொல். எங்க போய் முட்டிக்க?

மார்ச் 6, வியாழன்

ஒரு செயலுக்கு ஒரு வினை என்று பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி படிக்கவில்லை. டீ கிளாஸை அதன்மேல் வைத்தார். "எனக்கே அவர்தான் தமிழ் எடுத்தார். அவர் திருத்தினதை நான் எப்படித் திருத்தறது? விடுங்க ஃபெபி."

பக்கத்து நாற்காலியில் சார். "எழுத்துன்னா ஒரு நடை வேணும்லாம்மா" என்று சிரித்தார். கோபப்படவாவது செய்தால் திருப்பிப் பேசலாம். இவர் சிரிக்கிறார்.

வீட்டில் சொன்னால் அப்பாவும் அவர் மாணவர். "சாரையா கொற சொல்லுத?" முடிந்தது கதை.

மார்ச் 10, திங்கள்

அச்சாகிவிட்டது. பின்னட்டையில் 'எழுதியவர்: ஃபெபி' மட்டும். சார் தன் பெயர் வேண்டாம் என்றாராம். அடக்கமாம்.

மார்ச் 17, திங்கள்

தங்கச்சி எலிசபெத்துக்கு மாப்பிள்ளை முடிவானது. ஏரல் பையன். மே 14, அங்கே உள்ள கோயிலில் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது என்பதால் மே மாதம் மண்டபத்துக்கு அடிதடி. எலிசபெத் கேட்டது ஒன்றே ஒன்று: மேடைக்குப் பின்னால் ஆறு தெரியும் அந்த ஏரல் மண்டபம். பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்லிவைத்துவிட்டாள், அதில்தான் கல்யாணம் என்று.

அப்பா போய்ப் பேசிவிட்டு வந்தார். "பதிவு பண்ணியாச்சுன்னு சொல்லிட்டாங்க. ஒங்க கம்பெனி சாப்ட்வேருதான் ளா அங்கயும்!" பெருமை தாங்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மண்டபம் போச்சு.

மே 14 வேறு ஒருவருக்கு உறுதியாகிவிட்டதாம். இன்று போன் பண்ணுகிறார்கள்! பத்திரிகை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. ஈஸ்டர் ஞாயிறன்று கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசிக்கப் போகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு மண்டபமே இல்லை. எலிசபெத் அழவில்லை. கையில் இருந்த பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

ஏப்ரல் 3, வியாழன்

அப்பாவும் நானும் ஏரலுக்குப் போனோம். அலுவலகத்தில் சுடலைவடிவு என்று ஒரு அக்கா. அப்பா சத்தம் போட்டதும் அந்த அக்கா மேசையில் இருந்த புத்தகத்தை விரித்தார். என் புத்தகம்.

"இங்கன பாருங்க. 'பதிவு செய்க'ன்னு போட்டிருக்கு. செஞ்சேன். அடுத்த பக்கத்துலயும் அதேதான் இருக்கு. ஒருக்க செஞ்சத மறுபடி எதுக்குச் செய்யணும்? அச்சுல ரெண்டு தடவ வந்துட்டுன்னு நெனச்சேன். ஏழு நாளுல தேதி தானா விட்டுப்போச்சு. முதலாளி என்னையப் போட்டு ஏசுதாரு. இத எழுதுன ஆளு மட்டும் கையில கெடைக்கட்டும்."

சொல்லிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

பஸ்ஸில், மாற்றியது சார் என்று சொன்னேன். "பேரு ஒம் பேருல்லா இருக்கு. சார் மேல பழியப் போடாத" என்றார். நான்தானே, நான் ஒருத்திதானே வேண்டாம் வேண்டாம்னு கத்துனேன்!

ஏப்ரல் 4, வெள்ளி

எலிசபெத் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்

சிவப்பு மைப் பிரதியையும் எலிசபெத் கல்யாணப் பத்திரிகையையும் சார் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும். சார் அந்த இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "பிடித்துவைங்கிறது வேறயாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஒரு மாசமாக அதைத்தான் சொல்கிறேன். டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

"பெரியவர்கிட்ட இப்படியா பேசுவீங்க?" என்று முதலாளி என்னைத் திட்டினார். என்னை!

ஏப்ரல் 8, செவ்வாய்

சாயங்காலம் அப்பாவுக்கு போன். யார் என்று கேட்கவே வேண்டாம், அப்பா எழுந்து நின்றுவிட்டார். சார் பேசினால் நின்றுகொண்டுதான் பேசுவார். "சரிங்க சார்... ஐயோ, இல்லீங்க சார்..."

வைத்துவிட்டும் நின்றுகொண்டே இருந்தார். "ஏளா ஃபெபி, சார் எங்கிட்ட மன்னிப்பு கேக்காரு." மண்டபம் போனதைவிட இது அவரை அதிகம் உலுக்கிவிட்டது போலிருந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மே 14, புதன்

கல்யாணம் முடிந்தது. விருந்து பள்ளிக்கூட மைதானத்தில், பந்தல் போட்டு. பாதிப் பந்தியில் கோடை மழை. இலையில் தண்ணீர், எலிசபெத் பட்டுச்சேலை ஓரமெல்லாம் சேறு. மாப்பிள்ளை நல்ல மாதிரி, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

சார் குடையோடு வாசலில் நின்று, வந்தவர்களைப் பந்தலுக்குள் கொண்டுவிட்டார். அவரிடம் படித்தவர்கள் அத்தனை பேரும் அவர் குடைக்குள் வர மறுத்து நனைந்தார்கள். அப்பா உட்பட.

புறப்படும்போது எலிசபெத் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதாள். என் முறை வந்தபோது கார் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

புதிய பதிப்பு எல்லா மண்டபத்துக்கும் போய்விட்டது. 'அழுத்தவும்', 'அழுத்தவும்', 'அழுத்தவும்' என்று பக்கம் முழுக்க. 'பிடித்துவை' பிடித்துவையாகவே, 'உறுதிசெய்' உறுதிசெய்யாகவே. அச்சுக்குப் போகும் முன் சார் பார்த்தார். உள்ளே எங்கும் கை வைக்கவில்லை. பின்னட்டையில் மட்டும், என் பெயருக்குக் கீழே, சிவப்பு மையில் சேர்த்திருந்தார்: 'முதல் பதிப்பைத் திருத்தியவர்: இன்பமணி'.

மத்தியானம் ஏரலிலிருந்து எலிசபெத் போன். மாப்பிள்ளை வீட்டு விசேஷம் ஒன்றுக்குத் தேதி சொல்ல மாமியாரோடு அந்த மண்டபத்துக்குப் போயிருக்கிறாள்.

"எக்கா, ஒம் புஸ்தகத்தப் பாத்தேன். என்னத்த எழுதி வச்சிருக்க? இம்போசிஷன் மாதிரில்லா இருக்கு."

எக்கா என்றாள்.