ஊதா நிறப் பஞ்சு

மார்ச் 3, திங்கள்

டிரையரின் வடிகட்டியில் ஊதா நிறப் பஞ்சு. வழித்தெடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஊதாதான். என்னிடம் ஊதாவில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது.

துவைக்க ஒன்று, உலர்த்த ஒன்று என்று இரண்டு மெஷினும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன என்பதற்காகத்தான் ஐந்து மாதம் முன்பு இந்த வீட்டைப் பிடித்தேன். மாடிக் கொடிக்காக யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். என் துணியை ஊர் பார்க்க வேண்டாம். இப்போது யாருடைய துணி இது?

மார்ச் 4, செவ்வாய்

பழைய பஞ்சாக இருக்குமோ? இல்லை. ஞாயிறன்று நானே சுத்தம் செய்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மயிரிழைக் கீறலைத் தேடிப் பிடிக்கிறவள் நான்.

சோப்புத் திரவ பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. நான் இந்த வாரம் துவைக்கவே இல்லை.

மார்ச் 8, சனி

வீட்டுக்காரர்தான். வேறு யார்? கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார், மாற்றுச் சாவி அவரிடம் இருக்கிறது. குடிவந்த அன்றே சொன்னாரே, “மெஷின் ரெண்டும் புதுசும்மா, பாத்துப் பயன்படுத்துங்க” என்று. மாடிப்படியில் எப்போது பார்த்தாலும் ஒரே கேள்வி: “மெஷின் நல்லா ஓடுதா?” உனக்கென்னய்யா அதில் அவ்வளவு அக்கறை?

ஆனால், ஊதா? அவர் வீட்டில் பெண் யாரும் இல்லையே. இல்லை என்று நமக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள் ஒருவர் வந்து போவது எனக்குப் புதிதில்லை. பழைய வீட்டில் ஒருத்தி பதினோரு மாதம் வந்து போனாள். கட்டினவர் “நீயா எதையாவது கற்பனை பண்ணாதே” என்றார். நானும் நம்பினேன். இனி ஏமாறுவதாக இல்லை.

மார்ச் 12, புதன்

தலைவலி என்று மூன்று மணிக்கே வந்துவிட்டேன். டிரையரின் மேல் கை வைத்தேன். சூடு. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன் – வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

மார்ச் 13, வியாழன்

கேட்டேவிட்டேன். “என் சாவியைக் குடுத்துடுங்க. நான் இல்லாதப்போ மேல வர்றது நல்லா இல்ல.”

அவர் உள்ளே போய் மாற்றுச் சாவி போட்ட உறையைக் கொண்டுவந்தார். ஒட்டிய இடத்தில் குறுக்கே என் கையெழுத்து. குடிவந்த அன்று நானே போட்டது, பிரிபடவே இல்லை.

“என் பொண்ணு வயசு உங்களுக்கு,” என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டார்.

மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

மார்ச் 14, வெள்ளி

சாவி மொத்தம் மூன்று. ஒன்று என்னிடம். ஒன்று உறையில். மூன்றாவது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நானே கொடுத்தது, அக்காவிடம்.

சே. அக்காவா? பிள்ளை, மருமகள் என்று வீடு நிறைய ஆள். வாஷிங் மெஷினும் இருக்கிறது. என்னத்துக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து திருட்டுத்தனமாக... கேட்டால் சொல்ல மாட்டாள். நேரில்தான் பிடிக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். நேற்றும் போட்டேன், யாரும் வரவில்லை. இன்று கதவைத் திறந்ததுமே டிரையர் சுற்றும் சத்தம். அதன் முன்னால் ஸ்டூலில் அக்கா.

“என்னக்கா இது? திருடி மாதிரி?” கத்திவிட்டேன்.

“கத்தாதேடி.” அவள் எழுந்திருக்கவில்லை. “எங்க வீட்டுல துவைச்சா மாடிக் கொடியிலதான் போடணும். கறை முழுசாப் போகல. மருமக பாத்துடுவா.”

“என்ன கறை?”

தரையைப் பார்த்தாள். டிரையரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். அவளுடைய ஊதா நைட்டி, ஒரு போர்வை. இரண்டிலும் பழுப்பாய் ரத்தக் கறை.

“உனக்கு நின்னு போய் மூணு வருஷம் ஆச்சேக்கா!”

“நாலு மாசமா இப்படி. உன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே. அங்க என்ன சொல்லுவாங்களோன்னு...”

போன மாதம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். முகம் வெளிறிக் கிடந்திருக்குமே, அது என் கண்ணில் படவில்லையே!

மார்ச் 20, வியாழன்

இழுத்துக்கொண்டுதான் போனேன். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 27, வியாழன்

ஆரம்ப நிலைதானாம். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். “இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா” என்று ஆரம்பித்து, அக்காவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 28, வெள்ளி

வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பாதிதான் திறந்தார். முழுக்கதையையும் சொன்னேன். “உங்க அக்காவை மொதல்ல பாருங்க,” என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 19, சனி

ஆபரேஷன் முடிந்து பத்து நாள். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். இன்று மருமகள் வந்தாள். வந்ததும் வராததுமாக அக்காவின் படுக்கை விரிப்பை உருவி மாற்றினாள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை.”

“உனக்கு அருவருப்பா இருக்கும்னு நெனச்சேம்மா.”

“ரெண்டு பிள்ளை பெத்தவ நான்!” என்றாள். கோபமா அழுகையா, தெரியவில்லை.

இப்போது உள் அறையில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் என் பெயரும் அடிபடுகிறது. ஒட்டுக்கேட்க வேண்டாம் என்று எழுந்து போய் இந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன்.